ஃபியான்சே என்று நீ சொன்ன பெண்

கண்ணு, இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசினால் உனக்கு அங்கே ஒரு மீட்டிங் முளைத்துவிடுகிறது. "அப்பறம் பேசறேம்மா" என்கிறாய். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பவும் எனக்குத் தெரியும். காலையில் சங்கத்தில் பால் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பா தென்னைக்குத் தண்ணீர் திருப்பிவிடப் போயிருக்கிறார். அம்மா கோபத்தில் எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டு படிக்காதே. கோபம் வந்தது உண்மைதான். அதைச் சோற்றிலும் குழம்பிலும் காட்டினேன், உன் அப்பா வாயைத் திறக்காமல் தின்று தீர்த்துவிட்டார். இப்போது நிதானமாகத்தான் இருக்கிறேன்.

பவித்ராவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். வைகாசியில் உங்கள் நிச்சயம் முடிந்த மறுவாரம், நீ அயர்லாந்துக்குத் திரும்புவதற்கு முன்னால், என்னையும் அவளையும் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனாய். அந்தப் பெரிய மாலில் உன்னோடு படித்தவர்கள் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். நீ அவளை முன்னால் நிறுத்தி, "மை ஃபியான்சே" என்றாய். அந்தச் சொல் எனக்குப் புதுசு. ஆனால் அதைச் சொன்னபோது உன் முகம் இருந்த இருப்பு இருக்கிறதே, முதல் சம்பளத்தில் எனக்குப் புடவை வாங்கி வந்த அன்றுகூட அப்படி இல்லை. கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது எனக்கு. அவள் குனிந்துகொண்டு சிரித்தாள். உன் நண்பர்கள் கைதட்ட, பக்கத்து மேசையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது நீ வண்டி ஓட்டினாய், நாங்கள் பின்னால் உட்கார்ந்திருந்தோம். மறையூரில் இங்கிலீஷ் டீச்சராக இருக்கிறவள் பக்கத்திலேயே இருக்கும்போது எனக்கென்ன வெட்கம் என்று கேட்டுவிட்டேன். "அது என்ன சாமி, அவன் உன்னையச் சொன்னது?" அவள் சிரிக்காமல் பதில் சொன்னாள். "அது பிரெஞ்சு வார்த்தை அத்தை. இங்கிலீஷ்காரங்க அப்படியே எடுத்துக்கிட்டாங்க. நிச்சயம் ஆனதுல இருந்து தாலி கட்டுற வரைக்கும்தான் அந்தப் பேரு. பையனுக்கும் அதான், பொண்ணுக்கும் அதான்." கல்யாணத்துக்கு அப்புறம் என்று கேட்டேன். "அப்புறம் ஹஸ்பண்டு, ஒய்ஃப். தாலி ஏறுன அன்னைக்கே இந்த வார்த்தை செத்துரும்" என்றாள். இத்தனை ஆயுசு குறைந்த ஒரு சொல்லை வேறு நாட்டுக்காரனிடம் போய் எதற்கு இரவல் வாங்க வேண்டும், இங்கிலீஷ்காரனுக்குச் சொந்தமாக ஒன்று இல்லையா என்று நான் விடாமல் கேட்டேன். இருந்தது, அது பழசாகிப்போய் நாடகத்தில் மட்டும்தான் வரும் என்றாள். "இதுக்கு மூலம் நம்பிக்கை, வாக்கு, அந்த மாதிரி அர்த்தம் அத்தை. வாக்குக் கொடுத்தவங்கன்னு வச்சுக்கங்களேன்." நீ கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினாய். பொள்ளாச்சி தாண்டும் வரை எனக்குப் பாடம் நடந்தது.

அதிலிருந்து எனக்கு அந்தச் சொல் மேல் ஒரு கண். நமக்கு அப்படி ஒன்று இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். நிச்சயம் பண்ணின பொண்ணு என்கிறோம், அது நடந்து முடிந்ததைச் சொல்கிறது. கட்டிக்கப்போற பொண்ணு என்கிறோம், அது இனி நடக்கப்போவது. வருங்கால மனைவி என்று பத்திரிகையில் எழுதுவார்கள், அதை வாயால் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை. இப்போது, இன்றைக்கு அவள் யார் என்பதற்கு வாயில் வருகிற மாதிரி ஒரு பெயர் கிடைக்கவில்லை. நம் எல்லையோரப் பால் சங்கத்தில் மலையாளப் பேப்பர் கிடக்கும் அல்லவா, அதில் ஒரு நடிகை ஒரு பையனோடு நிற்கிற படத்துக்குக் கீழே 'பிரதிசுருத வரன்' என்று போட்டிருந்தான். கணக்கெழுதும் பெண்ணிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "வாக்கு கொடுத்த ஆள், அத்ரயே உள்ளூ சேச்சி" என்றாள். அவ்வளவுதானாம். பிரெஞ்சுக்காரனும் மலையாளியும் ஒரே இடத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உன் அப்பாவிடம் வந்து சொன்னேன். மாட்டுக்குத் தவிடு கலந்தாச்சா என்று கேட்டார்.

நம் பக்கம் நடுவில் அப்படி ஒரு கட்டமே கிடையாது, அதனால் பெயரும் இல்லை. உப்பும் நாட்டுச் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய், சபையில் வைத்து மாற்றிக்கொண்டால் அவள் நம் வீட்டுப் பெண். உங்கள் நிச்சயத்தில் நடந்த கூத்து மறந்திருக்காது. பவித்ராவின் ஊர் காந்தலூரில் அந்த வழக்கம் இல்லை, அவர்களுக்கு வெற்றிலைத் தட்டு மாற்றுவதுதான் எல்லாம். நாம் கொண்டுபோன இரண்டு பொட்டலத்தையும் பவித்ராவின் அம்மா மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி நேரே சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டார். "மாப்ள வீட்டுல மளிகை கூடக் கொண்டாந்திருக்காக, என்ன ஒரு மனசு" என்று பெருமை வேறு. தட்டு மாற்றும் நேரத்தில் உன் பெரியம்மா எழுந்து நின்று, "ஏனுங் சம்மந்தி, உப்புச்சக்கரை எங்கீங்க?" என்று கேட்க, அந்த அம்மா பதறிப்போய், "உப்பு சாம்பார்ல போட்டாச்சு, சக்கரை பாயசத்துல கரைஞ்சுபோச்சே" என்றார். பெரியம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உன் அப்பாதான் காப்பாற்றினார். "எல்லாருந்தான் சாப்புட்டாச்சுல்ல. இதுக்கு மேல என்னத்த மாத்தறது? எந்திரிங்க, போலாம்." காலையில் யாரோ ஒரு வீட்டுப் பெண்ணாக இருந்தவளை மத்தியானப் பாயசத்துக்குப் பிறகு அவர் "நம்ம மருமவ" என்று சொல்ல ஆரம்பித்தார். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்.

பிறகு ஆடி வந்தது. பூண்டுத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்த அவள் அப்பா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். இடது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறிவிட்டது. உடுமலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கோயமுத்தூருக்குக் கொண்டுபோய், ஒருவழியாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவள் ஒரே பிள்ளை. தையில் கல்யாணம், மாசியில் அவள் உன்னோடு விமானம் ஏற வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் உன்னிடம் கேட்டது ஒன்றுதான். அப்பா தானாக எழுந்து நடக்கிற வரைக்கும், அடுத்த தைக்குத் தள்ளி வைக்கலாமா என்று கேட்டாள். நீ சரி என்றாய். அந்தச் சரியோடு உன் பேச்சு குறைந்துபோனது. தினமும் கூப்பிட்டவன் வாரத்துக்கு ஒருமுறை ஆனாய், அப்புறம் அவள் அனுப்பும் மெசேஜுக்குக் கட்டைவிரலைக் காட்டும் பொம்மையை மட்டும் அனுப்ப ஆரம்பித்தாய். உன் பெரியம்மாவிடம் என்ன சொன்னாயோ தெரியாது, அவள் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஜாதகம் வந்திருப்பதாக என்னிடம் இழுத்தாள்.

நான் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பென்றால் திருத்து. "அம்மா, அவ இப்ப வெறும் ஃபியான்சேதான். ஒய்ஃப் இல்ல. இன்னும் ஒண்ணும் ஆகிப்போகல. யோசிக்கறேன், விடுங்க." எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். கோயமுத்தூரில் நாலு பேருக்கு முன்னால் நீ சொன்னதும் அதே சொல்தான். அன்றைக்கு அதற்கு முன்னால் 'என்' என்று வைத்தாய், இன்றைக்கு 'வெறும்' என்று வைக்கிறாய். அந்தச் சொல்லில் இருப்பதெல்லாம் ஒரு வாக்கு மட்டும்தான் கண்ணு. தாலி இல்லை, பத்திரம் இல்லை, குழந்தை குட்டி இல்லை. வேறு எதுவும் இல்லாததால்தான் அந்த வாக்குக்கு ஒரு தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள் என்று நான் புரிந்துகொண்டிருந்தேன். நீ அதையே காரணமாகக் காட்டி அவளைக் கீழே இறக்கிவிட்டாய்.

உன் அப்பாவுக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. "உப்புச்சக்கரை சாப்புட்டாச்சு. அவ நம்மூட்டுப் புள்ள. அவனென்ன யோசிக்கறது?" என்கிறார். உன்னைக் கூப்பிட்டுச் சத்தம் போடுகிறேன் என்று கிளம்பியவரை நான்தான் தடுத்தேன். இந்த விஷயத்தில் நான் அவர் கட்சி இல்லை. நம் வழக்கத்தில் உள்ள குறையே அதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. பாயசம் குடித்த பிறகு யாரும் எதுவும் பேச முடியாது, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நடந்தே ஆக வேண்டும். பவித்ரா சொல்லிக்கொடுத்த சொல்லில் ஒரு நல்லது இருக்கிறது. அது தாலிக்கு முன்னால் ஒரு இடம் விடுகிறது. அந்த இடத்தில் நின்றுகொண்டு ஆமாம் என்றும் சொல்லலாம், முடியாது என்றும் சொல்லலாம். ஊருக்குப் பயந்து நீ அவளைக் கட்டிக்கொண்டு, வாழ்நாள் முழுக்க அவள் அப்பாவின் கைகாலைச் சொல்லிக்காட்டினால் யாருக்கு என்ன பிரயோஜனம்? முடியாது என்பதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. எனக்கு அது வருத்தமாக இருக்கும், ஆனால் உரிமை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நீ பயந்துபோயிருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். ஊசி போட நர்ஸ் வருகிறாள் என்றால் வைக்கோல் போருக்குள் புகுந்துகொள்கிற பிள்ளை நீ. அங்கே வீடு பார்த்துவிட்டாய், அவளுக்கு விசா பேப்பர் எல்லாம் தயார் செய்தாய், எல்லாம் ஒரே நாளில் கலைந்துவிட்டது. ஒரு வருஷம் என்கிறாள், அது இரண்டானால் என்ன செய்வது, கல்யாணத்துக்கு அப்புறமும் காந்தலூருக்கே ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்றெல்லாம் உன் மனசு கணக்குப் போடும். போடட்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன். எந்தப் பெண்ணைக் கட்டினாலும் அவளுக்கும் ஒரு அப்பா அம்மா இருப்பார்கள், அவர்களும் ஒருநாள் விழுவார்கள். எனக்குக் கல்யாணமாகி வந்த வருஷமே உன் தாத்தாவுக்குக் கண் போய்விட்டது. அவருக்கு எல்லாம் நான்தான் செய்தேன். பிடித்துத்தான் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாள் மாட்டுத் தொழுவத்தில் நின்று திட்டிவிட்டு வந்து செய்தேன். உன் அப்பா அதைக் கேட்டுக்கொண்டு கேட்காத மாதிரி இருந்தார், அந்த ஒரு நல்ல குணத்துக்காகத்தான் இவ்வளவு வருஷம் ஓட்டினேன்.

கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை வைத்திருக்கிற உன் சித்தியைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அவளிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். வீட்டுக்கு வந்தால் எல்லாரையும் சிரிக்கவைத்துவிட்டுப் போகிறவள் அவள். உன் சித்தப்பாவுக்கு முன்னால் அவளுக்கு ஒரு நிச்சயம் நடந்தது. தாராபுரம் பக்கத்து மாப்பிள்ளை. உப்புச்சக்கரை எல்லாம் ஆயிற்று. முதல் பொங்கலுக்குப் புடவை வந்தது. அதற்கப்புறம் எதுவும் வரவில்லை. நாள் குறிக்கலாமா என்று நம் வீட்டார் போய்க் கேட்டால், பார்க்கலாம், அறுப்பு முடியட்டும் என்பார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் பழனிக்குப் போய்விட்டு வந்த ஒரு சொந்தக்காரர் சொல்லித்தான் தெரிந்தது, அவனுக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்து குழந்தையும் பிறந்திருந்தது. பல வருஷம் கழித்து அவள் என்னிடம் சொன்னாள். "வேண்டாம்னு சொல்லியிருந்தா ஒரு வாரம் அழுதிருப்பனக்கா. எந்த நாளோட நிறுத்தறதுன்னு தெரியாமத்தான் தெனமும் தலை சீவிப் பூ வெச்சுட்டு உக்காந்திருந்தேன்." அவனைப் பார்த்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். தைக்கக் கொடுத்தால் அளவைக் குறைத்துத் தைத்துக் கொடுப்பேன் என்றாள். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை எனக்கு.

இதெல்லாம் மனசில் ஓடிக்கொண்டிருந்ததால்தான் போன வாரம் உன்னிடம் சொல்லாமல் நானும் உன் அப்பாவும் காந்தலூர் போய்வந்தோம். உடுமலையில் பஸ் மாறி, சின்னாறு காட்டில் யானைக்காகக் கொஞ்ச நேரம் நின்று, மறையூர் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் என் இடுப்பு என்னிடம் இல்லை. அவள் அப்பா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, விழுந்த கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து அமுக்கப் பழகிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். உன் அப்பா ஓடிப்போய்த் தோளைப் பிடித்து, "உக்காருங் சம்மந்தி, உக்காருங்" என்று அமர்த்தினார். "மாப்ள சௌக்கியமா" என்று அவர் கேட்டது எனக்கு இரண்டாம் தடவைதான் புரிந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது கண்ணு. நீ தினமும் அவளோடு பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பவித்ரா பள்ளிக்கூடம் விட்டு வந்து, புடவையைக்கூட மாற்றாமல் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினாள். பிறகு தோட்டத்தைக் காட்டுகிறேன் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆரஞ்சு மரங்களுக்கு நடுவில் கொஞ்ச தூரம் நடந்தோம். நானாகத்தான் ஆரம்பித்தேன். "அவன் உங்கிட்ட என்ன சாமி சொன்னான்?" "ஒண்ணும் சொல்லல அத்தை. அதான் பிரச்சனையே" என்றாள். குரல் உயரவில்லை. "அவங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லட்டும். நான் அழுதுட்டு என் வேலையப் பாப்பேன். காத்திருக்கேன்னா அதயாவது சொல்லட்டும். ஸ்கூல்ல மத்த டீச்சருங்க நிச்சய மோதிரத்தப் பாத்துட்டு ஃபியான்சே எப்ப வாராருன்னு கேக்காங்க. அந்த வார்த்தைய நான் இப்பச் சொல்லலாமா கூடாதான்னே எனக்குத் தெரியல அத்தை. பிள்ளைகளுக்கு அர்த்தம் சொல்லிக்குடுக்குற எனக்கே தெரியல." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உன்மேல் வந்த கோபம் தீர்ந்து, அவளை நினைத்துத் துக்கமாகிப்போனது அங்கேதான்.

எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. மறைத்து என்ன ஆகப்போகிறது? நீயே பார்த்து, நீயே பிடிவாதம் பிடித்து, காந்தலூரா, அவ்வளவு தூரமா என்று முனகிய எங்களை இழுத்துக்கொண்டு போய்க் காட்டிய பெண். இன்றைக்கு நீ நழுவினாலும் எனக்கு அவளிடமிருந்து நழுவ மனசு வரவில்லை. ஆனால் என் ஆசைக்காக நீ சரி சொல்ல வேண்டாம். பிடித்திருக்கிறதா என்று உன்னையே கேட்டுப் பார், அதற்கு அயர்லாந்து வேலையும் விசாவும் பதில் சொல்லாது. காத்திருக்க முடியுமென்றால் ஒரு வருஷம் ஒன்றும் பெரிதில்லை. கல்யாண மண்டபத்துக்காரரிடம் உன் அப்பா பேசிக்கொள்வார், சொந்தக்காரர்கள் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன், உன் பெரியம்மா வாய் உட்பட.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடியும் காந்தலூர் போகிறேன். இந்தத் தடவை தனியாக. இங்கே சாயங்காலமானால் உனக்கு அங்கே மத்தியானம்தான், லீவு நாள் வேறு. அவளைக் கூப்பிடு. என் போனுக்குப் போடாதே, அவளுக்குப் போடு. காத்திருக்கிறேன் என்றால் அதை உன் வாயால் சொல். முடியாது என்றால் அதையும் உன் வாயால் சொல்லி, மன்னிப்பும் கேள். எதைச் சொன்னாலும் நீ என் பிள்ளைதான், அடுத்த நாள் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பேன். விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் உன் போன் வராவிட்டால், அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீ இனிக் காத்திருக்க வேண்டாம் சாமி" என்று நானே சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு உடனே பஸ் ஏற மாட்டேன். இரண்டு நாள் மாற்றுப் புடவை எடுத்துக்கொண்டுதான் போகிறேன். தன் அப்பாவுக்குத் தெரியாமல் அவள் அழ வேண்டியிருக்கும், அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

உன் அம்மா